அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள நரம்பியல் சொற்களுக்கு என்ன அர்த்தம்? அவர் மறுபடி பேசுவாரா?

சூளகிரி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஒரு நாள் விடிகாலையில் எழும்போதே வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணியிருந்தது, பேச்சு நின்றுவிட்டது. ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பிய சம்மரியில் இருந்த வரியை அப்படியே எழுதியிருக்கிறார்: "அக்யூட் இஸ்கிமிக் சிவிஏ, லெஃப்ட் எம்சிஏ டெரிட்டரி, ரைட் ஹெமிபரேசிஸ், பவர் கை 2/5, கால் 3/5, ரைட் யுஎம்என் ஃபேஷியல் பால்சி, புரோக்காஸ் அஃபேசியா, மைல்ட் டிஸ்ஃபேஜியா, ரைட் பிளான்டர் எக்ஸ்டென்சார், ஜிசிஎஸ் 12/15." இதற்கெல்லாம் அர்த்தம் என்ன, வலது பக்கம் விழுந்திருக்கும்போது 'லெஃப்ட்' என்று ஏன் எழுதியிருக்கிறார்கள், தப்பாக எழுதிவிட்டார்களா என்று கேட்கிறார். போகிற போக்கில் கடைசியில், 'அப்பா மறுபடி பேசுவாரா' என்றும் ஒரு வரி. அவர் தெரிந்துகொள்ள வந்தது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் போக இந்தச் சொற்களின் வழியாகத்தான் போக வேண்டும்.

நான் பிசியோதெரபிஸ்ட். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பக்கவாதம் வந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து, நிற்கவைத்து, நடக்கவைக்கிற வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். நரம்பியல் மருத்துவர் இல்லை. மாத்திரை அளவு, ஸ்கேன் படம் பற்றி நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்பாவை நேரில் பார்க்கவும் இல்லை. ஆனால் இந்தச் சீட்டுகளைத் தினமும் படிப்பவன். அந்த ஒரு வரியில் நாலு வகைச் செய்திகள் கலந்து கிடக்கின்றன: என்ன நடந்தது, மூளையில் எங்கே நடந்தது, அதனால் உடம்பில் என்ன குறைந்தது, மருத்துவர் சோதித்தபோது என்ன கண்டார். இதைப் பிரித்துவிட்டால் பயம் பாதி குறையும். எதற்குப் பயப்பட வேண்டுமோ அதுவும் தெரியவரும்.

முதலில் நடந்தது என்ன. சிவிஏ என்பதில் உள்ள கடைசி எழுத்து 'ஆக்சிடென்ட்' என்பதற்கானது. அதைப் பார்த்துவிட்டு, "எங்கேயும் விழவில்லையே, ஏன் ஆக்சிடென்ட் என்று போட்டிருக்கிறார்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. அடிபட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் திடீரென ஏற்பட்ட கோளாறு, அதாவது ஸ்ட்ரோக், அவ்வளவுதான். 'இஸ்கிமிக்' என்றால் குழாய் அடைத்து ரத்தம் போகாமல் நின்றது. 'ஹெமரேஜிக்' என்று இருந்தால் குழாய் வெடித்து ரத்தம் கசிந்தது என்று பொருள். இரண்டுக்கும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றுபோலவே இருக்கலாம், வைத்தியம் நேர் எதிர். அதனால்தான் போனதுமே சிடி எடுக்கிறார்கள். ரத்தக் கசிவு சிடியில் உடனே தெரியும். அடைப்பு முதல் சில மணி நேரத்தில் சிடியில் தெரியாமலே போகலாம். "சிடி நார்மல், அப்புறம் எப்படி ஸ்ட்ரோக் என்கிறார்கள்" என்று சண்டைக்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். எம்ஆர்ஐ எடுத்தால் அந்த அடைப்பு பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

அடுத்து, எங்கே. எம்சிஏ என்பது மூளையின் பக்கவாட்டுப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். இடது மூளையிலிருந்து வரும் அசைவுக் கட்டளைகள் தண்டுவடத்தில் இறங்குவதற்குச் சற்று முன்னால் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். ஆகவே இடது மூளையில் அடைத்தால் வலது கை கால் விழும். சீட்டில் தப்பு எதுவும் இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தக் குழாய் கவனிக்கும் பரப்பில் முகத்துக்கும் கைக்குமான இடம் அதிகம், காலுக்கானது குறைவு. அப்பாவுக்குக் கை 2, கால் 3 என்று வந்திருப்பது இதோடு ஒத்துப்போகிறது. அப்புறம், வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பேச்சுக்கான இடம் இடது மூளையில்தான் இருக்கிறது. பேச்சு போனதற்கும் கை விழுந்ததற்கும் தனித்தனி நோய் தேட வேண்டாம், ஒரே அடைப்புதான்.

ஹெமிபரேசிஸ் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள். 'ஹெமி' பாதி உடம்பு, 'பரேசிஸ்' பலம் குறைவு. அதே இடத்தில் 'பிளீஜியா' என்று இருந்தால் அசைவு அறவே இல்லை. ஆக, அப்பாவுக்குப் 'பரேசிஸ்' என்று எழுதியிருப்பதே ஒரு நல்ல செய்தி. அசைவு கொஞ்சம் இருந்திருக்கிறது. முன்பாதி மாறினால் இடம் மாறும்: 'மோனோ' ஒரு கை அல்லது கால், 'பாரா' இரண்டு கால், 'குவாட்ரி' நாலும். இரண்டு கால் சேர்ந்து விறைக்கிறது என்றால் சந்தேகம் முதலில் தண்டுவடத்தின் மேல்தான் போகும். நம் மாவட்டங்களில் இதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. பல வருடம் ஃபுளோரைடு அதிகமுள்ள ஆழ்குழாய் நீரைக் குடித்தவர்களில் சிலருக்கு முதுகெலும்பும் அதைச் சுற்றியுள்ள தசைநார்களும் கெட்டிப்பட்டுத் தண்டுவடத்தை நெருக்கும். 'கம்ப்ரெசிவ் மைலோபதி' என்று எழுதுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததன் முக்கியக் காரணமே இந்த ஃபுளோரைடு பிரச்சினைதான். பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் வயதானவர் குனிய முடியாமல், கால் விறைத்து நடந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் அப்பாவின் கதை இது இல்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பயன்படட்டும் என்று சொன்னேன்.

பவர் 2/5, 3/5 என்ற எண்களைத்தான் எல்லோரும் பரீட்சை மார்க் மாதிரி படிக்கிறார்கள். 3/5 என்றால் அறுபது சதவீதம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படிக் கணக்கில்லை. 0 என்றால் தசையில் ஒரு துடிப்பும் இல்லை. 1 என்றால் துடிப்பு தெரிகிறது, மூட்டு அசையவில்லை. 2 என்றால் படுக்கை மேல் தாங்கிக்கொடுத்தால் கை பக்கவாட்டில் நகரும், தூக்க முடியாது. 3 என்றால் பூமியின் இழுப்பை மீறித் தூக்க முடியும், நாம் லேசாக அழுத்தினால் விழுந்துவிடும். 4 என்றால் அழுத்தினாலும் ஓரளவு எதிர்த்து நிற்கும். 5 சாதாரண பலம். ஆக 2-க்கும் 3-க்கும் நடுவில் இருப்பது பெரிய படி. 3-லிருந்து 4-க்குப் போவதும் அப்படித்தான்; 4 என்பதற்குள்ளேயே ஏகப்பட்ட வித்தியாசம் இருக்கிறது. காலில் 3 இருப்பவரைப் பிடித்து நிற்கவைக்க முயலலாம். கையில் 2 இருப்பவருடைய தோளைத்தான் கவனமாகக் காக்க வேண்டும். கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள். பலமில்லாத தோள் மூட்டு நழுவி, அப்புறம் வருகிற வலிதான் பயிற்சிக்கே பெரிய தடையாகிவிடும். எண்ணெய் போட்டு நீவுகிறோம் என்று முறுக்குவதும், புறா ரத்தம் தேய்ப்பதும் இங்கே இன்னும் நடக்கிறது. அடைத்தது மூளையில், தோலில் எதைத் தேய்த்தாலும் அங்கே போகாது. இதமாக எண்ணெய் தடவுவதில் தப்பில்லை, இழுத்து முறுக்குவதை விடுங்கள்.

ஜிசிஎஸ் 12 பற்றி நீங்கள் ரொம்பக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவாக்கிய மதிப்பீடு இது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. குறைந்தபட்சம் 3, பூஜ்யம் என்று ஒன்று கிடையாது. சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத்தான் இது. ஆனால் மூளையின் பேச்சுப் பகுதி அடிபட்டவருக்குப் பேச்சு மதிப்பெண் தானாகவே குறையும். கண்ணுக்கு 4, அசைவுக்கு 6 வாங்கி, 'ஆ, ஊ' என்று மட்டும் சத்தம் வந்ததால் பேச்சுக்கு 2 என்று போட்டால் மொத்தம் 12. அப்பா கண்ணைத் திறந்து உங்களைப் பார்த்தார், இடது கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே இங்கே குறைந்தது மொழிதான், சுயநினைவு அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. சீட்டில் மூன்று எண்களும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

பிளான்டர் எக்ஸ்டென்சார் என்பது பேர்தான் பயமுறுத்தும். உள்ளங்காலின் வெளி ஓரத்தைச் சாவி மாதிரி ஒன்றால் கீறினால் நமக்கெல்லாம் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்கும். மூளையிலிருந்து வரும் பாதை பழுதானால் அது மேல்நோக்கி எழும். பாரிஸில் வேலை பார்த்த பேபின்ஸ்கி என்ற மருத்துவர் 1896-ல் இதை எழுதினார், அவர் பேரிலேயே இருக்கிறது. பழுது மூளையில் அல்லது தண்டுவடத்தில் என்று மருத்துவருக்குச் சொல்லும் ஒரு துப்பு இது. அப்பாவுக்கு இதனால் தனியாக எந்தத் தொந்தரவும் கிடையாது. யுஎம்என் (மூளையிலிருந்து இறங்கும் அசைவுப் பாதை) ஃபேஷியல் பால்சி, அதாவது முகத் தசைகள் விழுவது, அதே மாதிரி இடம் சொல்லும் குறிப்புதான். மூளையில் பழுது என்றால் வாய் கோணும், ஆனால் நெற்றியைச் சுருக்க முடியும், கண்ணையும் பெரும்பாலும் மூட முடியும். நெற்றியும் கண்ணும் சேர்ந்து பாதி முகமே செயலிழந்தால் முகத்து நரம்பில் வருகிற பெல்ஸ் பால்சியாக இருக்கலாம், அது வேறு. ஆனால் வாய் கோணிய யாரையும் கண்ணாடி முன் நிறுத்தி நெற்றியைச் சுருக்கச் சொல்லி வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள். அதை மருத்துவமனையில் பார்க்கட்டும்.

இப்போது பேச்சுக்கு வருவோம். பேச்சு போனது என்று வீட்டில் நாம் ஒரே வார்த்தையில் சொல்வதை இங்கே மூன்றாகப் பிரிப்பார்கள். டிஸார்த்ரியா என்றால் சொல்ல வேண்டிய வார்த்தை மனசில் சரியாக இருக்கிறது. நாக்கும் உதடும் ஒத்துழைக்காததால் குழறுகிறது. அஃபேசியா என்றால் மொழியே அடிபட்டிருக்கிறது. அதில் வெர்னிக்கிஸ் வகையில் பேச்சு சரளமாக ஓடும், அர்த்தம் இருக்காது, நாம் சொல்வதும் அவருக்குச் சரியாக ஏறாது. புரோக்காஸ் வகையில் நாம் சொல்வது பெரும்பாலும் புரியும், பதில் வார்த்தை வெளியே வராது. 1861-ல் பியர் புரோக்கா ஆராய்ந்த நோயாளி ஒருவர் 'டான்' என்ற ஓர் அசையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்து இடது முன்பகுதியில் பழுதைக் கண்டார் புரோக்கா. உங்கள் அப்பாவுக்கு எழுதியிருப்பது இந்த வகை. அப்படியானால் அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்துகொண்டு, "இனிமே அவ்வளவுதான்" என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவருக்குப் புரிய நிறைய வாய்ப்பிருக்கிறது. காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்தவும் வேண்டாம். ஆம், இல்லை என்று தலையாட்டிப் பதில் சொல்கிற மாதிரி, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். "சாப்பிடுறீங்களா" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருங்கள். நாமே வார்த்தையை எடுத்துக்கொடுத்துவிடும் அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. திடீரென ஒரு திட்டு வார்த்தையோ, ஒன்று இரண்டு மூன்றோ, சாமி பாட்டோ தெளிவாக வந்துவிடும். அப்புறம் தண்ணீர் என்ற சொல் வராது. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார் என்று அப்போது நினைத்துவிடாதீர்கள். பழகித் தானாக வருகிற பேச்சும் யோசித்துச் சொல்கிற பேச்சும் மூளையில் வேறு வேறு வழியில் போகின்றன.

நீங்கள் வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசுவதாக எழுதியிருந்தீர்கள். சூளகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இது சகஜம், கன்னடமும் சேர்ந்துவிடும். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அடிபட்டு, சேர்ந்தே திரும்புகின்றன. சிலருக்கு ஒன்று முந்திக்கொள்ளும். எது முந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, தமிழில்தான் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அம்மாவிடம் தெலுங்கில் ஒரு சொல் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகும்போது இரண்டு மொழி உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மறுபடி பேசுவாரா என்றால், உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும், ஆறு மாதம் வரை ஓரளவு தொடரும். மொழி அதற்குப் பிறகும் மெல்ல முன்னேறுவதுண்டு. ஆகவே இந்த வாரத்துச் சீட்டை வைத்து அவர் பேச்சு முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. ஓரளவு எதிர்பார்க்கலாம் என்று சொல்லக்கூடியது: கால் கையை முந்தும், பிடித்தோ கோல் ஊன்றியோ நடக்கும் நிலைக்கு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது, விரல்களின் நுண்ணிய வேலைதான் கடைசியில் வரும் அல்லது முழுக்க வராமல் போகும். முதல் சில நாட்களிலேயே விரலைக் கொஞ்சமாவது விரிக்க முடிந்தவர்களுக்குக் கை நன்றாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். அது இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சு முன்பு போல முழுசாக வருமா, அல்லது சின்னச் சின்ன வாக்கியங்களோடு நின்றுவிடுமா என்பதை நான் மட்டுமில்லை, நேரில் பார்க்கும் மருத்துவரும் இப்போது அடித்துச் சொல்ல மாட்டார். மூன்று மாதத்தில் நடக்கவும் பேசவும் வைக்கிறேன் என்று எவராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த வரியில் என் கண் போய் நின்ற சொல், நீங்கள் கேட்கக்கூட இல்லாத 'மைல்ட் டிஸ்ஃபேஜியா'. விழுங்குவதில் சிரமம் என்று பொருள். மைல்ட் என்று இருப்பதால் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் ஆபத்து அதிகம் இதில்தான். சாப்பாடோ தண்ணீரோ மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். சிலருக்கு இருமல்கூட வராமல் உள்ளே இறங்கும். நம் வீடுகளில் ராகிக் களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குவோம். அப்பாவுக்கு இப்போது அது வேண்டவே வேண்டாம். தண்ணீரும் மோரும் வேகமாக ஓடுவதால் அவையும் சிரமம். கூழ், மசித்த சாதம் போன்ற கெட்டியான, ஒரே பதமுள்ள உணவு பொதுவாக எளிது, ஆனால் அவருக்கு எந்தப் பதம் என்பதை விழுங்கும் சோதனை செய்தவர் சொல்ல வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி, சின்னக் கரண்டியால், பலமுள்ள இடது பக்க வாயில் கொடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவைக்காதீர்கள். சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தால், இருமினால், காய்ச்சல் அடித்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேட்ட சொற்கள் முடிந்தன. உறவினர் ஒருவர் இதை நரம்புத் தளர்ச்சி என்றதாகவும் எழுதியிருந்தீர்கள். நாம் ரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், "நரம்புல ஊசி போட்டாங்க" என்பது போல. அதனால்தான் இந்தக் குழப்பம். நரம்புக்கு என்று விற்கும் டானிக் எதுவும் அடைத்த குழாயைத் திறக்காது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் வரும் மதமதப்பு, எரிச்சல் நியூரோபதி, அது உண்மையிலேயே நரம்புப் பிரச்சினை. இதோடு சேர்த்து இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: வலிப்பு வந்தவர் கையில் சாவி, இரும்பு திணிப்பதால் பலன் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். கை கால் விழுந்து பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டால் அது டிஐஏ, அடுத்து பெரிய ஸ்ட்ரோக் வரக்கூடும் என்ற எச்சரிக்கை. அன்றைக்கே போக வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. தூக்கத்தில் வந்தால் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து கணக்கு. உங்கள் அப்பாவுக்கு அந்த ஊசி போடவில்லை என்றால், அவர் எழும்போதே அறிகுறி இருந்தது அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நீங்கள் தாமதித்ததாக உங்களையே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பயிற்சிக்கு வாரம் பலமுறை கிருஷ்ணகிரிக்கு வண்டி வைத்துப் போவது கட்டுப்படியாகாது என்று எழுதியிருந்தீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் சேர்ந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் அதைத் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலைக் கொடுத்துப் பெயரைப் பதியுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: விழுங்குவதற்கு மறுபடி சோதனை எப்போது, இசிஜியில் 'ஏஎஃப்' என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருந்ததா? இருந்திருந்தால் அடைப்பு இதயத்திலிருந்து வந்திருக்கலாம், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் வகையே மாறும். அதுவரை கொடுத்த மாத்திரைகளில் ஒன்றையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.